கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போடலாமா?

வெள்ளகோவில் மருமகள் | ஏப்ரல் 6, இரவு 9:40

வணக்கமுங்க. ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் நாலு பேரிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே எங்களுக்கு 4 ஏக்கர் காடு (புஞ்சை நிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம்). கிணறு இருக்கிறது, தண்ணீர் பேருக்குத்தான். பாதியில் மழையை நம்பிச் சோளமும் கொள்ளும் போடுகிறோம், மீதி மேய்ச்சலுக்கு. கிழக்கே தார்ச்சாலை. மற்ற மூன்று பக்கமும் கிளுவை வேலி, கொப்பை வெட்டி நட்டாலே துளிர்க்கிற முள்மரம். வீட்டுக்காரருடைய அப்பாரு (தாத்தா) காலத்தில் வைத்தது. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்காகத் திருப்பூரில் இருக்கிறோம். காட்டுக்குள் இருக்கிற வீட்டில், அதாவது சாளையில், அத்தை மட்டும், 22 செம்மறியோடு.

22 என்பது இப்போது 17. மாசி மாதம் ஒரு ராத்திரி நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஐந்தைக் கொன்றுவிட்டன. தின்னவில்லை, கடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டன. காலையில் அத்தை போனில் "ஆடு போச்சு கண்ணு" என்று மட்டும் சொன்னார். அப்புறம் பேச்சே இல்லை.

வேலி போட்டுக் கொடுப்பவர் ஒருவர் வந்து பார்த்தார். பொக்லைன் வைத்து ஒரே நாளில் கிளுவையைப் பிடுங்கிவிடலாம், கல்லுக்கால் நட்டு ஆறடிக்குக் கம்பிவலை கட்டினால் எலி கூட வராது என்கிறார். பத்து சென்ட் நிலமும் மிச்சமாகுமாம். வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். அத்தையிடம் கேட்டதற்கு "உங்க இஷ்டம் சாமி" என்றார். எங்கள் அத்தை அப்படிச் சொன்னால் அது சம்மதம் இல்லை. கல்யாணமான பத்து வருடத்தில் இதை மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஆட்டுக்காரன் | ஏப்ரல் 6, இரவு 10:15

யோசிக்கவே வேண்டாம், கம்பி போடுங்கள்.

காங்கேயம், வெள்ளகோவில், ஊத்துக்குளி, சென்னிமலை, எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் இந்தக் கதைதான். செத்த ஆட்டை ரோட்டில் போட்டு மறியல் செய்தோமே, எதற்கு? எனக்கே இரண்டு தடவையில் 11 உருப்படி போயிற்று. ஒன்று சினை ஆடு.

கிளுவை நல்ல வேலிதான், பார்த்துக்கொள்ள ஆள் இருந்த காலத்தில். வருடா வருடம் வெட்டி, சந்து விழுந்த இடத்தில் வேலமுள் போட்டு அடைத்து, கவைக்கோலால் அழுத்தி வைப்பார்கள். இப்போது யார் செய்கிறார்கள்? வெட்டாமல் விட்ட கிளுவை மேலே குடை மாதிரி விரிந்துவிடும், அடியில் பார்த்தால் வெறும் காலாக நிற்கும். நாய்க்கு ஒரு சாண் சந்து போதும்.


நொய்யல்கரை | ஏப்ரல் 7, காலை 6:05

அம்மணி, அவசரப்பட வேண்டாம்.

உங்கள் காட்டில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் இருக்குமே? அவை இரண்டும், சுற்றிக் கிளுவை வேலியும் சேர்ந்தால் அதற்குப் பெயர் கொறங்காடு. காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர் வரைக்கும் நம் ஆட்கள் ஆடுமாடு வளர்த்தது இதை வைத்துத்தான். காங்கேயம் காளை வளர்ந்ததும் இந்தப் புல்லில்தான். ஊருக்கு வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். ஆடி மழையை மலை மறித்துக்கொள்கிறது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்குக் காற்று மட்டும் வருகிறது. இந்த நிலத்தில் வருடம் முழுவதும் வெள்ளாமை எடுக்க முடியாது என்று தெரிந்தவர்கள் புல்லை வளர்த்தார்கள். மழை பெய்தால் புல். புல் காய்ந்த கோடையில் வெள்வேலங்காய். இரண்டும் இல்லாதபோது வேலியில் தொரட்டி போட்டு நாலு கொப்பு.

நடுவிலும் வேலி போட்டுக் காட்டை இரண்டு மூன்றாகப் பிரித்திருப்பார்கள். ஒன்றில் ஆடு மேயும்போது மற்றதில் புல் தேறும். மேய்க்க ஆள் வேண்டியதில்லை, காலையில் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். ஆள் கூலி மிச்சம் என்று இன்றைக்குக் கம்பி போடுகிறோம். அன்றைக்குக் கிளுவை வைத்ததும் அதே கணக்குக்குத்தான்.

கம்பி அந்த வேலையைச் செய்யாது என்று சொல்லவில்லை. ஆனால் ஆடு கம்பியைத் தின்னாது.

ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை காட்டுக்குப் போகும்போது கிளுவை இலை ஒன்றைக் கசக்கி மோந்து பாருங்கள். குக்குலு, வெள்ளைப்போளம் என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கிறார்களே, அவை இதே இனத்து மரங்களின் பிசின்.


66 அடிச் சங்கிலி | ஏப்ரல் 7, காலை 11:20

நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பத்து சென்ட் மிச்சம் என்பது கொஞ்சம் பெரிய வாய். 4 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 417 அடி. மூன்று பக்கம் 1,251 அடி. வேலி ஐந்தடி அகலம் பிடித்திருந்தாலும் அதில் பாதிதான் உங்களுடையது. இரண்டரை அடி என்று போட்டால் 3,100 சதுர அடிச் சொச்சம். சென்ட்டுக்கு 435.6 சதுர அடி. ஆக, ஏழு சென்ட். அதிலும் கல்லுக்காலை எல்லையிலேயே நட முடியாது, பக்கத்துக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். உள்ளே தள்ளித்தான் நட வேண்டும். நாலு சென்ட் மிஞ்சினால் அதிகம்.

இரண்டாவதுதான் முக்கியம். அளக்காமல் வேலியைப் பிடுங்காதீர்கள். கிளுவை நகரும். ஒரு பக்கத்துக்காரர் ஒட்டி ஒட்டி உழுவார், மறுபக்கத்துக்காரர் வெட்டாமல் விடுவார், நாற்பது வருடத்தில் வேலி வில்லாக வளைந்திருக்கும். வேலி நிற்கிற வரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள். பிடுங்கிய மறுநாள் இரண்டு வீட்டிலும் பட்டாவைத் தேடுவார்கள். பொக்லைன் கை வைத்தால் அடியில் புதைந்த அளவுக்கல்லும் சேர்ந்து போய்விடும். அப்புறம் புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) வைத்துக்கொண்டு எங்கிருந்து சங்கிலி பிடிப்பது? நான் வேலையில் இருந்த காலத்தில் பார்த்த அண்ணன் தம்பி சண்டைகளில் பாதி, வேலி பிடுங்கிய இடத்தில் ஆரம்பித்தவை.


மொட்டைமாடி | ஏப்ரல் 7, மதியம் 2:02

நான் கோயம்புத்தூரில் மாடித் தோட்டம் வைத்திருப்பவள். வேலி பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, என் எல்லை கைப்பிடிச் சுவர்தான். ஒரே ஒரு கேள்வி. அந்த வேலியில் பிரண்டை இருக்கிறதா? இருந்தால் பிடுங்கும் முன் எனக்கு ஒரு சாக்கு வேண்டும். இங்கே தொட்டியில் வைத்தது நூலாக வளர்கிறது, துவையலுக்கு ஆகவில்லை.


ஆட்டுக்காரன் | ஏப்ரல் 7, மதியம் 2:30

ஐந்து ஆடு செத்ததைப் பற்றிப் பேசுகிறோம், பிரண்டைத் துவையலுக்கு வந்தாயிற்று. நல்லதுங்க.


மொட்டைமாடி | ஏப்ரல் 7, மதியம் 2:41

மன்னிக்கணுமுங்க அண்ணா. ஆனால் சாக்கு வேண்டும்.


வெள்ளகோவில் மருமகள் | ஏப்ரல் 13, இரவு 8:50

இன்றைக்குக் காட்டுக்குப் போயிருந்தோம். நொய்யல்கரை ஐயா சொன்னபடி இலையைக் கசக்கலாம் என்று போனால், ஐயா, இலையே இல்லை! பங்குனி வெயிலில் வேலி முழுக்க மொட்டைக் குச்சி. தோலை நகத்தால் கீறி மோந்தேன். வாசம் வந்தது. கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, மாமரத்துப் பிசின் மாதிரியும் இருந்தது.

அத்தை என்ன தேடுகிறாய் என்று பின்னாலேயே வந்தார். அப்புறம் அவராகவே வேலியோரமாக நடக்க ஆரம்பித்தார். இந்தக் காட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், வேலியைச் சுற்றி ஒருமுறை கூட நடந்ததில்லை. வண்டி நிற்கிற இடம், சாளை, கிணறு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த காடு.

வடக்கு வேலியில் பிரண்டை (மொட்டைமாடி அக்கா, ஒரு சாக்கு இல்லை, ஒரு வண்டி). அதற்கு அந்தப் பக்கம் கோவை. இந்த வெயிலிலும் இரண்டு பழம் சிவந்திருந்தது. முடக்கத்தான் கொடி காய்ந்து, காய் மட்டும் காற்றடைத்த பை மாதிரி சலசலத்தது. நான் சந்தையில் கட்டு வாங்கி மாவில் அரைத்து முடக்கத்தான் தோசை சுடுகிறேன், எங்கள் வேலியிலேயே கிடக்கிறது. மழை வந்தால் மிதிபாகல் ஏறும் என்று ஒரு இடத்தைக் காட்டினார். தூதுவளை ஒரு புதர். பெயர் தெரியாத நாலைந்து கொடிகள், அத்தைக்குப் பெயர் தெரியும், நான்தான் மறந்துவிட்டேன்.

தெற்கு வேலி மூலையில் நின்று "இங்கதான் எங்க மாமியா சுருக்குப்பைய ஒளிச்சு வெப்பாங்க" என்றார். வெண்ணெய் விற்ற காசு. அப்பாருக்குத் தெரியாமல், முள்ளுக்குள் ஒரு கலயத்தில். "ஆம்பளைக முள்ளுக்குள்ள கைய உட மாட்டாங்கல்ல" என்று சிரித்தார். ஆடு போன பிறகு அவர் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியாக மேற்கு வேலி. அங்கே ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக் கடவு, மூங்கில் படல் சாத்தியிருக்கிறது. அந்தப் பக்கம் மேற்காலத் தோட்டத்துப் பெரியம்மா. அத்தையைவிட மூன்று வயது மூத்தவர். மோர் அந்தக் கடவு வழியாகத்தான் வருகிறது, கறிவேப்பிலை இங்கிருந்து போகிறது. பொழுதோடு இரண்டு பேரும் படலுக்கு ஆளுக்கொரு பக்கம் கல்லைப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களாம். நாய் புகுந்த ராத்திரி அத்தை போட்ட சத்தம் கேட்டு அவர்கள் வீட்டில் நாலு பேரும் டார்ச்சோடு ஓடி வந்தது அந்த வழியாகத்தான். இல்லையென்றால் 17 கூட மிஞ்சியிருக்காது.

வேலிக்காரர் போட்டுக் கொடுத்த படத்தில் மேற்கே கடவு கிடையாது. ரோட்டுப் பக்கம் ஒரு கேட், அவ்வளவுதான். அத்தை கேட்டார், "சுத்தியும் வலையக் கட்டிப்போட்டா நான் எப்பிடிப் போறது, ரோட்டச் சுத்தியா?" ரோடு வழியாகப் போனால் ஒன்றரை கிலோமீட்டர்.

இதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே என்றேன். "நீங்க கேக்குலியே" என்றார். நாங்கள் கேட்டது கம்பியா கிளுவையா என்று மட்டும்தான்.


ஆட்டுக்காரன் | ஏப்ரல் 13, இரவு 9:30

அதற்கென்ன, கம்பியிலும் கேட் வைக்கலாமே. மேற்கே ஒரு சின்னக் கேட், பூட்டுக்கு இரண்டு சாவி. பெரியம்மாவிடம் ஒன்று கொடுத்துவிடுங்கள். பிரச்சினை முடிந்தது.


வெள்ளகோவில் மருமகள் | ஏப்ரல் 13, இரவு 9:44

அண்ணா, பெரியம்மாவிடம் சாவி கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார். அப்புறம் வரவே மாட்டார்.


நொய்யல்கரை | ஏப்ரல் 14, காலை 5:50

பங்குனியில் கிளுவைக்கு இலை இருக்காது என்பதை மறந்து எழுதிவிட்டேன். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தப்பைத் திருத்தியவனை ஒரு மருமகள் திருத்தியிருக்கிறார். சந்தோஷம். எல்லாருக்கும் சித்திரை வாழ்த்துகள்.


பறவைநோட்டு | ஏப்ரல் 14, மாலை 6:30

திருப்பூர்தான் நானும். வாராவாரம் நஞ்சராயன் குளத்துக்குப் போய்ப் பறவை எண்ணுகிறவன். 2024இல் அதற்கு ராம்சார் தகுதி (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்த பிறகு கேமராவோடு வருகிற கூட்டம் அதிகமாகிவிட்டது. ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கு 2022இலேயே கிடைத்தது. குளத்துப் பறவைகளைப் பார்க்க ஆள் இருக்கிறது. வேலிப் பறவைகளை யாரும் எண்ணுவதில்லை.

கிளுவை வேலியில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். தவிட்டுக்குருவிக் கூட்டம் கட்டாயம் இருக்கும், ஏழெட்டாகத் தத்திக்கொண்டு கத்தும். அதன் கூட்டில் சுடலைக்குயில் திருட்டுத்தனமாக முட்டையிடும். வேலி போனால் தவிட்டுக்குருவி போகும், அது போனால் சுடலைக்குயிலுக்கு வாடகைத்தாய் இல்லை. செம்போத்து அடியில் பம்மிப் பம்மிப் போகும். கௌதாரி காலையில் கூப்பிடும். அப்புறம் கீச்சான். வெட்டுக்கிளியையும் சின்ன ஓணானையும் பிடித்து முள்ளில் குத்தி வைத்துவிட்டு, பிறகு வந்து பிய்த்துத் தின்னும். முள்கம்பியிலும் குத்தி வைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கம்பியில் கூடு கட்டாது.

வேலிப்பருத்தி இருந்தால் இலைக்கு அடியில் பாருங்கள், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கலாம். எருக்கும் அதற்கு ஆகும்.


ஆட்டுக்காரன் | ஏப்ரல் 14, இரவு 7:15

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. குருவி, குயில், சுருக்குப்பை, பிசின் வாசம். நானும் இதே ஊர்தான், எனக்கும் தெரியும். ஆனால் விடிகாலையில் பட்டிக்குப் போய், குடல் சரிந்து உயிரோடு கிடக்கிற ஆட்டைப் பார்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஒரு பெட்டை ஆடு என்பது அந்த வீட்டுப் பிள்ளையின் காலேஜ் பீஸ். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு வேலியைக் காப்பாற்றச் சொல்வது சுலபம். ராத்திரி கண் முழிப்பது யார்?


பறவைநோட்டு | ஏப்ரல் 14, இரவு 7:40

நியாயம். பதில் இல்லை.


மூலனூர் காட்டான் | ஏப்ரல் 15, காலை 10:10

இரண்டு பக்கமும் படித்தேன். ஆட்டுக்கார அண்ணன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஒன்றை யாருமே சொல்லவில்லை. நாய் வருவது ஆட்டுக்கு, நிலத்துக்கு இல்லை. ராத்திரி ஆடு 4 ஏக்கரிலும் படுப்பதில்லையே?

17 ஆட்டுக்கு முப்பதுக்கு இருபது அடியில் பட்டி தாராளம். சுற்றளவு 100 அடி. அதற்கு மட்டும் கெட்டியான வலை ஆறடிக்குக் கட்டுங்கள். அடியில் ஒன்றரை அடி பள்ளம் பறித்து வலையை மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள், நாய் பறித்து நுழையும் என்பதால். மேலே தகரம் பாதி, மீதி வலை. ஒரு விளக்கு. சாளைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நாங்கள் செய்து மூன்று வருடம் ஆகிறது.

பழைய மாதிரி பட்டியை வாரம் ஒரு இடத்துக்கு மாற்ற முடியாது, அது ஒரு நட்டம். புழுக்கையை அள்ளிக்கொண்டு போய்த்தான் காட்டில் போட வேண்டியிருக்கும். அத்தைக்கு அந்த வேலை கூடும், அதையும் யோசியுங்கள்.


ஆட்டுக்காரன் | ஏப்ரல் 15, மதியம் 1:00

ராத்திரிக்குச் சரி. எனக்கு இரண்டாம் தடவை போனது பட்டப்பகலில், மேய்ச்சலில். நாய் எப்போதும் ரோட்டுப் பக்கமிருந்துதான் வருகிறது. கோழிக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், அதைத் தின்று பழகியவை. ஆகவே ரோட்டோரம் மட்டுமாவது கம்பிவலை கட்டாயம் வேண்டும். அதில் நான் இறங்கி வர மாட்டேன்.


66 அடிச் சங்கிலி | ஏப்ரல் 15, மதியம் 1:25

ரோட்டுப் பக்கம் 417 அடி, பட்டி 100 அடி. நாலு பக்கமும் சேர்த்து 1,668 அடிக்குப் பதிலாக 517 அடி. மூன்றில் ஒரு பங்குச் செலவு. வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கை மட்டும் காட்டுங்கள், குயில் கதை வேண்டாம்.


தொண்டாமுத்தூர் | ஏப்ரல் 15, இரவு 10:20

எங்கள் ஊரில் எந்த வேலி எங்கே நிற்க வேண்டும் என்பதை யானைதான் முடிவு செய்யும். அதனால் இந்த விவாதத்தில் எனக்குக் கருத்து இல்லை. படிக்க நன்றாக இருக்கிறது, தொடருங்கள்.


வெள்ளகோவில் மருமகள் | மே 19, இரவு 9:05

ஒரு மாதமாக வர முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

517 அடிக் கணக்கு வேலை செய்தது (நன்றி ஐயா). வேலிக்காரருக்குத்தான் முகம் வாடிவிட்டது. இவ்வளவு சின்ன வேலைக்கு ஆள் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். மூலனூரில் இருந்து வேறு ஆட்கள் வந்து ரோட்டுப் பக்கமும் பட்டியும் முடித்துக் கொடுத்தார்கள்.

மேற்கு வேலியை இரண்டு வீட்டாரும் சேர்ந்து அளந்தோம். ஐயா சொன்னது அப்படியே. வடக்கு முனையில் வேலி எங்கள் பக்கம் இரண்டடி உள்ளே வந்திருக்கிறது, தெற்கு முனையில் அவர்கள் பக்கம் அதே அளவு போயிருக்கிறது. கிளுவை வேருக்கடியில் கல்லும் கிடைத்தது. பெரியப்பா பார்த்துவிட்டு "போனதுக்கு வந்தது சரியாப் போச்சு, உடுங்க" என்றார். எழுதி மட்டும் வைத்துக்கொண்டோம்.

அப்புறம் சந்து அடைக்கிற வேலை. வடக்கு வேலியிலேயே கட்டை விரலைவிடப் பருமனான கொப்பாகப் பார்த்துப் போத்து (நடுவதற்கான குச்சி) வெட்டினோம். ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக. கடப்பாரையால் குழி போட்டு ஒரு முழம் இறக்கி, மண்ணை மிதித்துவிட வேண்டும். நெருக்கமாக, இரண்டு வரிசையில், ஒன்றுக்கொன்று எதிராக வராமல். தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டார், அழுகிவிடுமாம். இலை இல்லாத இந்தக் கோடையில் நட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் உற்சாகமாகத் தனியாக ஒரு வரிசை நட்டார். முப்பது போத்து. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். பாதிக்கு மேல் தலைகீழ். கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர், எந்தப் பக்கம் மேல் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்ப நட்டோம்.

மதியம் பெரியம்மா வீட்டில் இருந்து தூக்குப்போசியில் அரிசிம்பருப்பு சோறு வந்தது. நெய் தனியாக ஒரு கிண்ணத்தில். கடவு வழியாகத்தான்.


மொட்டைமாடி | மே 19, இரவு 9:30

பிரண்டை வந்து சேர்ந்தது, நன்றி அம்மணி! பஸ்ஸில் அனுப்பிவிடுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. கொழுந்தாகப் பார்த்து ஒடித்து, கணுவைத் தள்ளி, நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளியும் உளுந்தும் வரமிளகாயும் சேர்த்து அரைத்தேன். கையில் எண்ணெய் தடவ மறந்து ஒரு மணி நேரம் அரிப்பு. ஆட்டுக்கார அண்ணன் சாபம்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. நான் பிறந்தது நாமக்கல் பக்கம். ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடுவோம். கண்ணைத் துளைத்து, பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் உள்ளே போட்டு, மஞ்சள் பூசி, அழிஞ்சிக் குச்சியில் குத்தி வாசலில் தீ மூட்டிச் சுடுவது. சின்ன வயதில் அந்தக் குச்சியை வேலியில்தான் ஒடித்துக்கொண்டு வருவோம். இங்கே கோயம்புத்தூரில் குச்சிக்கு எங்கே போவது? உங்கள் வேலியில் அழிஞ்சி இருந்தால்...


ஆட்டுக்காரன் | மே 19, இரவு 9:52

அடுத்து சாபம் அழிஞ்சிக்கு.


வெள்ளகோவில் மருமகள் | ஜூலை 20, மாலை 5:15

அழிஞ்சி ஒரே ஒரு மரம் இருந்தது, தெற்கு மூலையில், சுருக்குப்பை இடத்துக்குப் பக்கத்தில். அக்காவுக்கு நாலு குச்சி அனுப்பிவிட்டு நாங்களும் இரண்டு வைத்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை, பிள்ளைகளுக்காகச் சுட்டோம். ஓடு வெடித்து உள்ளே பூரணம் வெந்திருந்தது. ஒரு தேங்காய் தீயில் விழுந்து கரியாகிவிட்டது, அதற்கும் சண்டை.

ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. ரோட்டுப் பக்கம் வலை முழுக்கப் பிளாஸ்டிக் பையாக ஒட்டிக்கொண்டு படபடக்கிறது. மேற்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் காற்று குறைகிறது. அத்தை முருங்கையை அங்கே வைத்ததற்குக் காரணம் இப்போதுதான் புரிந்தது, வேறு எங்கே வைத்தாலும் ஒடிந்துவிடுமாம்.

கெட்ட செய்தியும் சொல்ல வேண்டும். நட்ட போத்தில் மூன்றில் ஒரு பங்கு காய்ந்துவிட்டது. நாய் ஒருமுறை வந்தது, வலைக்கு வெளியே ஓடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது என்று அத்தை சொன்னார். ஆட்டுக்கார அண்ணா, ரோட்டுப் பக்கம் நீங்கள் சொன்னதுதான் சரி.


ஆட்டுக்காரன் | ஜூலை 20, இரவு 8:00

சந்தோஷமுங்க. ஆடு எத்தனை இப்போது?


வெள்ளகோவில் மருமகள் | ஜூலை 20, இரவு 8:12

19. இரண்டு குட்டி.


நொய்யல்கரை | ஜூலை 21, காலை 6:00

மூன்றில் ஒரு பங்கு போவது சகஜம். ஐப்பசி மழைக்குப் பிறகு பாருங்கள். காய்ந்தது என்று நினைத்ததில் சில அடியிலிருந்து துளிர்க்கும். பிடுங்கிவிடாதீர்கள்.


வெள்ளகோவில் மருமகள் | நவம்பர் 9, இரவு 7:35

மழை பரவாயில்லை. வேலி முழுக்கப் பச்சை. நொய்யல்கரை ஐயா, இலையைக் கசக்கி மோந்துவிட்டேன், கணக்குத் தீர்ந்தது. காய்ந்துவிட்டது என்று விட்டதில் ஒன்பது துளிர்த்திருக்கிறது. அதில் நாலு வீட்டுக்காரர் வரிசையில். அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மிதிபாகல் அத்தை காட்டிய அதே இடத்தில் ஏறியிருக்கிறது. வெல்லம் போட்டுப் புளிக்குழம்பு வைத்தார். பண்ணைக்கீரை சோளக்காட்டில் தானாக வந்திருக்கிறது, கடைந்து களிக்கு ஊற்றிக்கொண்டோம். பறவைநோட்டு தம்பி சொன்ன வரியன் புழு வேலிப்பருத்தியில் கிடைக்கவில்லை, எருக்கில் இருந்தது. சின்னவன் பாட்டிலில் போட்டு வளர்த்தான், போன வாரம் பறந்துவிட்டது.

மேற்குக் கடவில் படல் இற்றுப்போய்விட்டது. புதுசு கட்ட வேண்டும்.


மூலனூர் காட்டான் | நவம்பர் 9, இரவு 8:20

மருமகளே, வருகிற சித்திரையில் எங்கள் தெற்கு வேலிக்குப் போத்து வேண்டும். இருநூறு தேறுமா? எங்கள் பக்கம் இருந்ததை எல்லாரும் பிடுங்கிவிட்டார்கள், வெட்டக் கிளுவை இல்லை.


ஆட்டுக்காரன் | நவம்பர் 9, இரவு 8:31

எனக்கு ஒரு ஐம்பது. மேற்குப் பக்கம் காற்று தாங்கவில்லை, அதற்குத்தான்.


மொட்டைமாடி | நவம்பர் 9, இரவு 8:33

அண்ணா!!


வெள்ளகோவில் மருமகள் | நவம்பர் 9, இரவு 9:10

தேறும், வாங்க. சித்திரை முதல் வாரம் வெட்டலாம் என்று அத்தை சொல்கிறார். பெரியப்பாவிடமும் கேட்டுவிட்டேன், அவர்கள் பக்கத்துக் கொப்பையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அரிவாளைத் தீட்டிக் கொண்டுவாருங்கள், எங்களுடையது மொண்ணை. சோறு அத்தை ஆக்கிவிடுவார். எத்தனை பேர் என்று மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.